ஆட்டம் அனைவர்க்கும் பொது

கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் நிலத்தின் நடுவே உயர்ந்து நிற்பது கழுகுமலை. அங்குள்ள வெட்டுவான் கோயில், பாண்டியர் காலத்தில், 8-ஆம் நூற்றாண்டில், ஒரே பாறையில் செதுக்கப்பட்டது. கல்மேல் கல் அடுக்கும் கோயிலுக்கு அடித்தளமே தொடக்கம். இக்கோயிலுக்கோ சிகரமே தொடக்கம். சிற்பிகள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினர். வெட்டி நீக்கிய பாறையை மீண்டும் ஒட்டவைத்தல் இயலாது. ஆதலின், எவ்வுருவம் எங்கே அமைய வேண்டும் என்பதை உளி படுமுன்னரே அவர்கள் எண்ணிப் பார்த்திருத்தல் வேண்டும். அத்தகைய முன்சிந்தனை, இக்காலத்தில் கணினி விளையாட்டுகளை ஆக்குவோர்க்கும் இன்றியமையாதது.

கணினியிலும் கைபேசியிலும் ஆடும் ஆட்டங்கள் இன்று சிற்றூர்ப் பிள்ளைகளையும் எட்டியுள்ளன. ஆனால், அவற்றுட் பல கண்ணை மட்டுமே நம்பி அமைந்தவை. ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தானின் பெயர்கூட எழுத்தாகவே நிற்கும், குரலாக ஒலிக்காது. பார்வையற்ற மாணவர் வாயிலிலேயே நின்றுவிட நேர்கிறது. இதனைக் கண்ணின் குறை என்பர் சிலர். உண்மையில் இஃது ஆட்டத்தின் குறையே ஆகும்.

பல்லாங்குழியை நோக்குக. 14 குழிகளையும் விரலால் தடவி, புளியமுத்துகளை எண்ணிப் பார்வையற்றோரும் ஆடலாம். அவர்க்குரிய சதுரங்கப் பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்றே உயர்ந்திருக்கும். காய்கள் துளைகளில் செருகி நிற்கும். கறுப்புக் காய்களுக்குத் தனி அடையாளம் உண்டு. அவர் ஆடும் கிரிக்கெட்டில் பந்து உருளும்போதே உள்ளிருக்கும் சிறு குண்டுகள் ஒலிக்கும். அவ்வொலியைக் கேட்டு ஆடியே, 2012-இல் பெங்களூரில் நடந்த பார்வையற்றோர் இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்திய அணி வென்றது. கண் மாறவில்லை, கருவி மாறியது, தடை நீங்கியது.

கணினி ஆட்டத்திலும் இஃது இயலும். 1997-இல் சப்பானில் கென்சி ஏனோ என்பார், படமே இன்றி ஒலியால் மட்டும் நடைபெறும் 'ரியல் சவுண்ட்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டார். 2020-இல் வெளிவந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில் 60-க்கு மேற்பட்ட வசதிகள் உள்ளன. திரையின் எழுத்தைக் குரல் படிக்கும். பொத்தானை அழுத்தினால், செல்ல வேண்டிய திசைக்கு ஆட்டவீரர் திரும்புவார். 2023-இல் வந்த 'ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்' என்னும் கார்ப் பந்தய ஆட்டத்தில், வளைவு நெருங்குவதை ஓசையே அறிவிக்கும்.

"ஒரு சிலர்க்காக இத்துணைச் செலவு வேண்டுமோ?" என்று வினவுவோர் உளர். ஆட்டத்தை முடித்தபின் வசதிகளைச் சேர்க்கப் புகுந்தால் செலவு மிகும். தொடக்கத்திலேயே திட்டமிட்டால் குறையும். படித்துக் காட்டும் குரல், எழுத்தறியாதார்க்கும் முதியோர்க்கும் உதவும். மேலும், விளையாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. அது தோழமையின் களம். வகுப்பினர் அனைவரும் ஓர் ஆட்டத்தைப் பேசி மகிழும்போது, ஒருவர் மட்டும் வாளாவிருத்தல் அறமாகுமா? எல்லார்க்கும் பயன்படுமாறு பொருள்களை வடிவமைத்தலை ஊக்குவிக்க வேண்டும் என, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அரசைப் பணிக்கிறது.

இன்று கணினிக் கல்வி பயிலும் மாணவரே நாளை ஆட்டங்களை ஆக்குவோர். முதல் வரைவை எழுதும்போதே, "கண்ணை மூடிக்கொண்டும் இதனை ஆட இயலுமா?" என்று அவர்கள் தம்மைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். தமிழில் பேசும் குரலையும் அதில் அமைத்தல் வேண்டும். வெட்டுவான் கோயில் முற்றுப்பெறாத நிலையிலும் காண்போர் உள்ளத்தைக் கவர்கிறது. ஆனால், ஒரு சாராரை வெளியே நிறுத்திய ஆட்டம், எத்துணை அழகுடையதாயினும், முற்றுப்பெற்றதாகாது.