ஹால் டிக்கெட்டும் வெண்கலச் சர்ப்பமும்



தேர்வு மாதம் வந்தால் எங்கள் சபையில் ஒரு ஞாயிறு மாணவர்களுக்கான சிறப்பு ஜெபம் நடக்கும். ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக முழங்கால் படியிடுவார்கள். ஐயர் ஒவ்வொரு தலையிலும் கைவைத்து ஜெபிப்பார். இரண்டு வருடத்துக்கு முன் அந்த வரிசையில் என் மகளும் இருந்தாள். ஜெபம் முடிந்ததும் ஐயர் அவளைப் பார்த்து, "நல்லா வளந்துட்டியேம்மா" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அதற்கு முந்தைய ஜூனுக்குப் பிறகு அவள் கோவிலுக்கு வந்தது கிறிஸ்துமஸுக்கு மட்டும். ஞாயிறு காலை 8 மணிக்கு டியூஷனில் டெஸ்ட். அனுப்பி வைத்தது நாங்கள். "பிள்ளை படிக்கட்டும்" என்று ராத்திரி குடும்ப ஜெபத்தையும் நிறுத்தியிருந்தோம்.

அதை விக்கிரகம் என்று அப்போது நினைக்கவில்லை. விக்கிரகம் என்றதும் பொன் கன்றுக்குட்டிதான் நம் ஞாபகத்துக்கு வரும். பணம், நகை, செல்போன் என்று பிரசங்கத்தில் ஒரு பட்டியலும் வரும். நம்முடையது அதில் இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவோம். எனக்கு அதைவிட உறுத்துவது 2 இராஜாக்கள் 18ஆம் அதிகாரம்.

25 வயதில் யூதாவின் ராஜாவான எசேக்கியா, மேடைகளை அகற்றி, சிலைகளைத் தகர்த்த கையோடு மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தையும் உடைத்துப்போட்டார். அது அந்நிய தேசத்திலிருந்து வந்த தெய்வமல்ல. எண்ணாகமம் 21இல் கர்த்தரே செய்யச் சொன்னது. கொள்ளிவாய்ச் சர்ப்பம் கடித்தவர்கள் அதை நோக்கிப் பார்த்துப் பிழைத்தார்கள். பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைப் பத்திரப்படுத்தியதில் என்ன தப்பு? முதல் தூபம் போட்டது யாரென்று வேதம் சொல்லவில்லை. பக்தியுள்ள ஒரு பாட்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். எசேக்கியா காலத்தில் ஊரே தூபம் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு 'நிகுஸ்தான்' என்று பெயர். வெறும் வெண்கலத் துண்டு என்கிற தொனி அதில் இருக்கிறது. மோசேயின் கைபட்ட பொருளை உடைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நம் சபைகளில் பழைய ஃபேனில் இருக்கும் 'உபயம்' பெயரை அழிக்கவே கமிட்டி கூட வேண்டியிருக்கிறது.

மகளுக்காக ஏழு வருடம் காத்திருந்தோம். ஜெபித்து வாங்கிய பிள்ளை. அன்னாள் தன் சாமுவேலைப் பால் மறந்ததும் சீலோவுக்குக் கொண்டுபோய் விட்டாள். நாங்களோ, கொடுத்தவரைக் கொஞ்சம் ஒதுங்கி இருக்கச் சொல்லிவிட்டு, மார்க் வாங்கித் தர மட்டும் கூப்பிட்டோம்.

இந்த இதழும் ஜெபத்தில் பிறந்ததுதான். திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் ஜெபத்துக்கு முன்னால் என் கை போவது சந்தா நோட்டுக்கு.

இப்போது இளையவன் பத்தாம் வகுப்பு. ஞாயிறு டெஸ்டை மாற்ற முடியுமா என்று டியூஷனில் கேட்டேன். "மத்த பிள்ளைங்கல்லாம் வர்றாங்களே சார்" என்றார் மாஸ்டர். போன வாரம் அவனை அனுப்பவில்லை. ஆராதனையில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். பிரசங்கம் முடிகிறவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நான்.

அன்புடன்,
ஆசிரியர்