மனச்சோர்வு மாத்திரையும் வெயில் வேலையும்

தோழர்களே, "அந்த மாத்திரையைத் தின்னா கை காலு விழுந்துடும், ஆம்பளைத்தனமும் போயிடும்" என்ற பேச்சு தோட்டங்களில் நிறைய நடமாடுகிறது. இதைக் கேட்டுவிட்டு, மனச்சோர்வுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைப் பாதியில் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சு முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

புளூஆக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டுகின்றன. களைப்பு உணர்வுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. 1992-இல் பிரிட்டனில் இந்த வகை மாத்திரை ஒன்றைச் சில ஆண்களுக்குக் கொடுத்துச் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரமே ஓய்ந்துபோனார்கள். பிறகு நடந்த சோதனைகளில் எல்லாம் அப்படி வரவில்லை. நாள்பட்டுச் சாப்பிடுகிறவருக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் உடம்பு பழகிவிடும். மருந்தே இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடக்கிறவருக்கு மட்டும் பலம் எங்கிருந்து வரும்?

ஆசை குறைவது பலருக்கும் வருகிறது, உண்மைதான். டாக்டரிடம் கூச்சப்படாமல் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிக் கொடுப்பார்.

நான் பயப்படுவது வெயிலுக்குத்தான். அமிட்ரிப்டிலின் என்ற பழைய மாத்திரை வேர்வையைக் குறைக்கும். உடம்புச் சூடு வெளியே போகாது. செர்ட்ராலின் வகை சிலருக்கு வேர்வையைக் கூட்டும். அதோடு, உடம்பில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் ஹார்மோனையும் அது தூண்டக்கூடும். அப்போது ரத்தத்தில் உப்பு இறங்கித் தலைவலி, வாந்தி, புத்தித் தடுமாற்றம் வரும். வயசானவர்களும், நீர் பிரியும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். இந்த அறிகுறிகளை வெறும் வெயில் மயக்கம் என்று நினைத்து வாளி வாளியாகத் தண்ணீர் குடிப்பது ஆபத்து. ரத்தம் சோதிக்க வேண்டும்.

இப்போது சங்கத்துக்கு ஒரு வார்த்தை. தொடக்க வாரங்களில் தலைசுற்றல் வரலாம். நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்துச் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்குத் தலைசுற்றினால் என்ன ஆகும்? லேசான வேலை கேட்டால் குலைக்கணக்குச் சம்பளம் குறைகிறது. அதனால் மனுஷன் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு மாத்திரையை விடுகிறான். இதை அறியாமை என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை, வயிற்றுக் கணக்கு அது. மாத்திரை தொடங்கும் முதல் மூன்று வாரம் சம்பளம் குறையாமல் நிழல் வேலை தர வேண்டும் என்று நிர்வாகத்திடம் சங்கம் கேட்டாக வேண்டும். கை முறிந்தவனுக்கு ஒரு நியாயம், மனசு முறிந்தவனுக்கு இன்னொரு நியாயமா?

அதுவரைக்கும் யாரும் திடீரென்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் தலைக்குள் மின்சாரம் அடிக்கிற மாதிரி இருக்கலாம், தூக்கம் போகலாம், எரிச்சல் வரலாம். டாக்டர்தான் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். வீட்டில் இருக்கிறவங்க, மாத்திரை தொடங்கிய பிறகு மனசு இன்னும் மோசமானால் அன்றைக்கே சொல்லுங்க. தலைசுற்றினால் பிரட்டுக்குப் போகுமுன் கிளினிக்குக்கு வாங்க. பிரஷர் மாத்திரை உட்பட எல்லா மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்து வாங்க.