ஸ்ரீசைலம் சாலையில் மூன்று கற்கள்



ஹைதராபாத்தில் பேகம்பேட் பக்கம் இருக்கும் நம் வீடுகளில் சிவராத்திரி நெருங்கினாலே ஸ்ரீசைலம் பேச்சு தொடங்கிவிடும். தூக்கில் புளியோதரை, ஃபிளாஸ்க்கில் காபி, விடியும் முன்னே கார் கிளம்பிவிடும். மன்னனூர் தாண்டினால் நல்லமலைக் காடு, அம்ராபாத் புலிகள் காப்பகம்.

போன முறை அங்கே சாலையோரம் மூன்று கற்களைப் பார்த்தேன். யாரோ அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சாம்பலில் சூடு ஆறவில்லை. இரண்டடி தள்ளிக் கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு. எங்கள் டிரைவர் கேனில் இருந்த குடிதண்ணீர் அத்தனையையும் அந்தச் சாம்பலில் ஊற்றிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

நம் நாட்டில் மின்னல் விழுந்து காடு எரிவது அபூர்வம். பெரும்பாலும் மனிதர் வைக்கும் நெருப்புதான். பீடி இலை நன்றாகத் துளிர்க்கட்டும் என்று வைப்பார்கள். இலுப்பைப் பூ பொறுக்க, மரத்தடிச் சருகைக் கொளுத்துவார்கள். அவர்கள் மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. அந்த வீடுகளின் கோடை வருமானமே அதுதான். ஆனால் அணைக்காமல் வீசிய சிகரெட்டுக்கு என்ன சமாதானம் சொல்வது?

இப்படி நெருப்பு வைப்பது காலங்காலமாக நடப்பதுதானே, இப்போது மட்டும் ஏன் தீ இவ்வளவு பெரிதாகிறது? வெயில் ஒரு காரணம். காற்று சூடேற ஏற, இலையிலும் மண்ணிலும் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. இன்னொரு காரணம், காட்டுக்குள் சேர்ந்துகிடக்கும் விறகு.

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினர் ஆண்டுத் தொடக்கத்தில், சருகு முழுதாகக் காயும் முன்பே, சிறு தீ வைத்துவந்தார்கள். தரையோடு எரிந்து அடங்கிவிடும். 1970-களில் அந்த மலை சரணாலயமானது. தீ வைக்கத் தடை வந்தது. பிறகு உண்ணிச்செடி புதராய் மண்டியது. கோடையில் அது காய்ந்து நின்றால், தரைத் தீ மரத்தில் ஏற ஏணி வைத்த மாதிரி. சிறு தீயைத் தடுத்துப் பெருந்தீக்கு விறகு சேர்த்துவிட்டோம் என்றே நினைக்கிறேன். அதற்காக யார் வேண்டுமானாலும் கொளுத்தலாம் என்று சொல்லவில்லை. காட்டை அறிந்தவர்கள், வனத்துறையோடு சேர்ந்து, உரிய காலத்தில் செய்யட்டும்.

பெருந்தீ என்ன செய்யும் என்று காட்டிய தேனி மாவட்டக் குரங்கணியை மறக்க முடியுமா? 2018 மார்ச் 11. மலையேறப் போன நம் பிள்ளைகள் காய்ந்த புல்லில் பரவிய தீயில் சிக்கினார்கள். 23 உயிர்கள் போயின.

தீயைக் கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. நம் பக்கத்து பாலாநகரில்தான் தேசியத் தொலையுணர்வு மையம் இருக்கிறது. ஷாத்நகரில் உள்ள அதன் ஆன்டெனாக்கள் செயற்கைக்கோள் தகவலை வாங்க, டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் தீ தெரிந்த இடத்தை வனத்துறைக்கு எஸ்.எம்.எஸ். மூலம் தெரிவிக்கிறது. அருமையான வேலை. ஆனால் செயற்கைக்கோள் ஒரு நாளில் சில தடவைதான் கடந்துபோகும். அதற்குள் ஒரு மலைச்சரிவே எரிந்து முடிந்துவிடலாம். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயில் காற்று வேகமெடுத்தபோது, அத்தனை வசதி இருந்தும் வீடுகளைக் காப்பாற்ற முடியவில்லை.

அதனால் பணம் போக வேண்டிய இடம், தீ வரும் முன்பே தடுக்கும் வேலை. பிப்ரவரிக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு போட வேண்டும். ப்ளோயரால் சருகைத் தள்ளி, மண் தெரிய ஒரு பாதை. தீ அங்கே வந்ததும் எரிக்க எதுவும் இல்லாமல் நின்றுவிடும். அதைச் செய்பவர்கள் உள்ளூர்த் தீக்காவலர்கள். நல்லமலையை அங்குலம் அங்குலமாக அறிந்த செஞ்சு மக்களுக்கு இந்த வேலையை, சீசனுக்கு மட்டும் இல்லாமல் ஆண்டு முழுவதும், ஒழுங்கான சம்பளத்தோடு கொடுத்தால் என்ன?

சிவராத்திரிக்கு ஸ்ரீசைலமோ, சித்ரா பௌர்ணமிக்கு இதே காட்டில் நடக்கும் சலேஸ்வரம் ஜாத்திரையோ, எங்கே போனாலும் வீட்டிலேயே சமைத்து எடுத்துப் போங்கள். காட்டுக்குள் அடுப்பு வேண்டாம். வழியில் புகை தெரிந்தால், வண்டியை ஓரமாக நிறுத்தி 112-ஐ அழைத்து, பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்