மேப் பெருசா இருந்தா போதுமா?

புதுசா ஒரு கேம் வந்தால் நம்ம ஹாஸ்டலில் முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: "எத்தனை மணி நேரம் ஓடும் மச்சான்?" அடுத்தது "மேப் எவ்ளோ பெருசு?" ஏதோ சென்ட் கணக்கில் பிளாட் வாங்குற மாதிரி. ஃபேன்டஸி ஆர்பிஜி கேம்களை இப்படி அளப்பதே தப்பு என்பது என் கட்சி. நூறு மணி நேரம் என்பது கேமோட நீளம். அதில் எத்தனை மணி நேரம் நீங்க நிஜமாவே விளையாடினீங்க, எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீங்க என்பதுதான் விஷயம்.

2015-ல் வந்த 'விட்சர் 3' எனக்கு ரொம்பப் பிடித்த கேம். அதில் ஸ்கெலிகே என்று ஒரு தீவுக்கூட்டம் வரும். மேப்பைத் திறந்தால் கடல் முழுக்க கேள்விக்குறிகள். படகில் போகணும், மேலே பறந்து வர்ற பிசாசுகளை அடிக்கணும், குதிக்கணும், கடத்தல்காரன் விட்டுட்டுப் போன பெட்டியைத் திறக்கணும், திரும்ப ஏறணும். அடுத்த கேள்விக்குறி. பத்தாவது பெட்டியில் என்ன இருக்கும் என்று முதல் பெட்டியைத் திறக்கும்போதே தெரிஞ்சிடும். அதே கேமில் வெலன் சதுப்புநிலத்தில் 'ப்ளடி பேரன்' என்ற குடிகாரனின் குடும்பக் கதை வரும். மனைவியையும் மகளையும் தானே அடித்துத் துரத்திவிட்டு, அவங்களைத் தேடித் தரச் சொல்லி நம்மகிட்ட கேட்பான். அந்தக் கதையை விளையாடின யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அதுக்கு ஒரு கடல் நிறையக் கேள்விக்குறி தேவைப்படல.

2022-ல் வந்த 'எல்டன் ரிங்' இதையே வேற மாதிரி செஞ்சது. வெளியே வந்ததும் புல்வெளி. அங்கே தங்கக் கவசம் போட்ட குதிரைவீரன், ட்ரீ சென்டினல், நிதானமா ரோந்து போயிட்டு இருப்பான். "இவனை இப்போ தொடாதே" என்று யாரும் சொல்ல மாட்டாங்க. நீங்க போய்ச் சாவீங்க. செத்த பிறகுதான் புரியும், சுத்திப் போகவும் வழி இருக்கு, அப்புறம் திரும்பி வரலாம் என்று. ஒரு தங்க ஒளிக்கீற்று திசையை மட்டும் காட்டும், அவ்வளவுதான். கிழக்கே காட்டுக்குள்ள ஒரு கிணறு மாதிரி கட்டிடம் இருக்கும். லிஃப்டில் ஏறினால் இறங்கும், இறங்கும், இறங்கிக்கிட்டே இருக்கும். கீழே போனால் பூமிக்கடியில் நட்சத்திர வானமும் ஒரு ஆறும். யாரும் உங்களை அங்கே அனுப்பல, நீங்களா போனீங்க. மேப்பில் ஒரு ஐகான் வைத்து "பாதாள ஆறு, 400 மீட்டர்" என்று எழுதியிருந்தால் அந்த இடம் வெறும் கிராபிக்ஸ்.

மார்க்கரே கூடாது என்று சொல்லல. நாளைக்கு இன்டர்னல் வெச்சிக்கிட்டு ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் விளையாடுறவனுக்கு மார்க்கர் வேணும். ஈசி மோட் சண்டையிலும் எனக்கு ஆர்வமில்லை, வைத்துவிட்டுப் போகட்டும். ஆனா நாம பயப்படவும், நாமளே கண்டுபிடிக்கவும் இடம் விடாத கேம் எவ்வளவு அழகா இருந்தாலும் அது டூரிஸ்ட் பஸ்தான்.

சரி, இதை ஏன் நம்ம கல்லூரி இதழில் எழுதறேன்? ஒவ்வொரு கேம் ஜாமிலும் நம்ம பசங்க கொண்டு வர்ற ஐடியா ஒண்ணே ஒண்ணு: "சோழர் காலம், ஓப்பன் வேர்ல்ட், பெரிய மேப், ஆயிரம் குவெஸ்ட்." நாலு பேர், ரெண்டு லேப்டாப். ஜாம் முடியும்போது கையில் இருப்பது ஒரு கோபுரம், சுவருக்குள்ளே புகுந்து போற ஒரு யானை. இதுக்குப் பதிலா தூத்துக்குடி கடலைப் பாருங்க என்கிறேன். ஒரு நல்ல ஆர்பிஜிக்குத் தேவையான அத்தனையும் அங்கே கெடக்கு.

முத்துக்குளிப்பை எடுத்துக்கோங்க. காலில் கல்லைக் கட்டி, மூச்சைப் பிடித்து, பத்து இருபது மீட்டர் ஆழத்தில் இருக்கிற பாருக்கு இறங்கணும். பார் என்றால் சிப்பி ஒட்டி வளரும் கடலடிப் பாறைத்திட்டு. தொலாயிரம் பார் மாதிரி ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. ஒரு நிமிஷம் போல நேரம். இதைவிட நேர்மையான ஸ்டாமினா பார் எந்த கேமில் இருக்கு? இன்னும் ரெண்டு சிப்பி எடுக்கலாமா, கயிற்றை ஆட்டலாமா? படகில் கயிறு பிடிப்பவர் உங்களை இழுக்கணும். மலையேறப் போனாலும் மச்சான் துணை வேணும் என்று சொல்வாங்க இல்லையா, கடலுக்கும் அதையேதான் சொல்வாங்க. தங்கச்சி தாலி நினைப்பு இருக்கிறவன் கயிற்றை விடமாட்டான் என்ற கணக்கு. கோ-ஆப் மோடுக்கு இதைவிட நல்ல காரணம் வேணுமா?

மேஜிக் வேணுமா? சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்றவங்க இருந்தாங்க. 13-ம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ அவங்களைப் பற்றி எழுதியிருக்கார்: எடுக்கிற முத்தில் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு, மந்திரக்காரங்களுக்கு இருபதில் ஒரு பங்கு. லூட் பாக்ஸும் உண்டு. பிரிட்டிஷ் காலத்தில் சிப்பியைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க. பெரும்பாலான சிப்பியில் முத்தே இருக்காது. வாங்கினவன் அதிர்ஷ்டம்.

இங்கேதான் நம்ம கேம் வேற மாதிரி ஆகணும். வழக்கமான ஆர்பிஜியில் கிடைக்கிற லூட் எல்லாம் ஹீரோ பைக்குள்ள போகும். இங்கே குளிச்சவன் கையில் மிஞ்சுறது கொஞ்சம். கொற்கையில் முத்துக் குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினதா சுமார் 2,000 வருஷத்துக்கு முந்தைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, பெரிப்ளஸ், சொல்லுது. அதை விட்டுட்டு நீலத் தண்ணியும் மின்னுற முத்தும் மட்டும் காட்டினால் அந்தக் கடலோர மக்களை வால்பேப்பர் ஆக்கின மாதிரி. ஒரு நல்ல முத்தைக் கணக்கில் காட்டாமல் ஒளிச்சு வைக்கலாமா என்பது டிராகனைக் கொல்றதைவிடக் கஷ்டமான சாய்ஸ்.

மேப்பும் தானா கதை சொல்லும். பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்னைக்குக் கடலை விட்டு சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கு. தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட கடல் விலகிடுச்சு. அகழாய்வில் அங்கே சங்குத் துண்டுகள் கிடைச்சிருக்கு. அப்புறம் காயல், அதுவும் உள்ளே போச்சு. அப்புறம் தூத்துக்குடி. 1906-ல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஆரம்பித்து, கொழும்புக்குக் கப்பல் விட்டு, வெள்ளைக்காரன் கம்பெனியோடு கட்டணச் சண்டை போட்டது இந்தத் தண்ணியில்தான் (அந்த பாஸ் ஃபைட்டை எழுத எனக்குத் தைரியம் இல்ல). இப்போ அவர் பேரிலேயே துறைமுகம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ரெண்டு ஏற்கெனவே தண்ணிக்குள்ள போயாச்சு. அதில் ஒண்ணான விலாங்குசல்லி தூத்துக்குடி பக்கம்தான். வயலில் நடக்கும்போது காலடியில் சங்குத் துண்டு, படகில் போகும்போது மேப்பில் இருக்கிற தீவு கண்ணுக்குத் தெரியல. இதுக்கு எந்தக் கேள்விக்குறியும் போடாதீங்க. விளையாடுறவன் தானா கேட்பான்.

விட்சரை எழுதினது போலந்துக்காரர், கேம் பண்ணினதும் போலந்து ஸ்டுடியோ. அவங்க ஊர்ப் பேய்க்கதைகள் அதில் நிறைய. சீனாக்காரங்க 2024-ல் அவங்க குரங்கு ராஜாவை வைத்து 'பிளாக் மித்: வூகாங்' கொண்டுவந்தாங்க. அவங்களுக்குப் பெரிய டீம் இருக்கு, உண்மைதான். ஆனா 2020-ல் புனேயில் ஒரு சின்ன டீம் பண்ணின 'ராஜி'யும் வெளியே வந்தது. அதில் பெரிய மேப் கிடையாது.

நம்ம டீம் எடுத்திருக்கிறது ஒரு பார், ஒரு படகு, ஒரு கயிறு. அவ்வளவுதான் மேப். 1961-க்குப் பிறகு அந்தக் கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கல. சங்குக்கு இன்னமும் இறங்குறாங்க. அதனால் கேமோட கடைசி அத்தியாயத்தில் இறங்கினால் பாரில் சிப்பியே இருக்காது. மூச்சு மட்டும் வழக்கம்போல குறையும். அங்கே இசை வேணுமா வேண்டாமா என்று டீமில் ரெண்டு வாரமா சண்டை. நான் வேண்டாம் கட்சி. நீங்க?