நம் பிள்ளையின் நூறு நாட்கள்

தை பிறந்தால் நம் சங்க ஆபீசுகளில் அறுவடைக் கூலியைப் பற்றித்தான் பேச்சு இருக்கும். இந்தத் தையில் வேறொரு கேள்வியும் வந்து சேர்ந்திருக்கிறது.

பஞ்சாலையில் வேலை செய்யும் தோழர் ஒருவர் ராத்திரி ஷிப்ட் முடிந்ததும் நேரே சங்க ஆபீசுக்கு வந்தார். தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டிவிடவில்லை. அவருடைய மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். டாக்டராக வேண்டும் என்கிறாள். அதற்கு ‘நீட்’ என்ற நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். பரீட்சைக்கு இருப்பதோ சுமார் நூறு நாட்கள். பட்டணத்தில் ஒரு பயிற்சி மையத்தார் பெருந்தொகை ஒன்றைச் சொல்லி, “கட்டினால் சீட்டு நிச்சயம்” என்கிறார்களாம். “பி.எப். பணத்தில் எடுக்கட்டுமா தோழர்? இல்லை, வீட்டுக்காரி கழுத்தில் கிடப்பதை அடகு வைக்கட்டுமா?” என்று கேட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு தோழருக்குக் கோபம் வந்துவிட்டது. “எந்தப் பரீட்சை ஒழிய வேண்டும் என்று ஊர்வலம் போகிறோமோ, அதற்கே நம் பிள்ளையை நாமே தயார் செய்து அனுப்புவதா?” என்றார்.

இரண்டு கேள்விகளுமே நியாயமானவை. இரண்டுக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். நீட் பரீட்சையை நாம் ஏன் எதிர்க்கிறோம்? நம் பிள்ளைகளுக்கு மூளை குறைவு என்பதாலா? இல்லை. 2006இல் நம் சட்டசபை நுழைவுத் தேர்வை ஒழித்துச் சட்டம் இயற்றியது. அதன்பின் பிளஸ் டூ மார்க்கைக் கொண்டே ஏழைப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் போனார்கள். 2017இல் நீட் வந்து அந்தக் கதவை அடைத்தது. 2021இல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில், முந்தைய ஆண்டே பள்ளியை முடித்துவிட்டு மறுபடி முயன்று வந்தவர்கள் 2016-17இல் நூற்றுக்குச் சுமார் 12 பேர். 2020-21இல் நூற்றுக்குச் சுமார் 71 பேர்! அதாவது, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ வேறு வேலை பார்க்காமல், பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டி, திரும்பத் திரும்ப எழுத வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கே சீட்டு. நாற்று நடும் வீட்டில் யாரால் இது முடியும்? இது அறிவுக்கு வைத்த பரீட்சையல்ல, வீட்டின் இருப்புக்கு வைத்த பரீட்சை.

ஆகவே எதிர்ப்பு நியாயமானது, அது தொடர வேண்டும். சட்டசபை 2021இலும் 2022இலும் இருமுறை மசோதா நிறைவேற்றியும் மத்திய சர்க்கார் பக்கமிருந்து ஒப்புதல் வரவில்லை. அது மறுக்கப்பட்டுவிட்டது என்று 2025 ஏப்ரலில் சட்டசபையிலேயே அறிவிக்கப்பட்டது.

ஆனால் தோழர்களே, போராட்டம் ஜெயிக்கும் வரை நம் பிள்ளை வயதுக்கு வராமல் காத்திருக்குமா? தொழில் தாவாச் சட்டங்களை எழுதியவன் தொழிலாளி அல்ல. அதற்காக, வேலைநீக்கம் செய்யப்பட்ட தோழனுக்காக லேபர் ஆபீசரிடமும் கோர்ட்டிலும் நாம் வாதாடாமல் இருந்ததுண்டா? சட்டத்தை மாற்றப் போராடினோம். இருக்கும் சட்டத்தில் கிடைக்கும் கடைசிக் காசு வரை வாங்கியும் கொடுத்தோம். இதிலும் அதுவே வழி.

2018இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் தப்பும் தவறுமாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. மார்க்சிஸ்ட் எம்.பி. தோழர் டி.கே. ரங்கராஜன் வழக்குப் போட்டார். கேள்விக்கு நான்காக 196 மார்க் கொடுக்க வேண்டும் என்று ஐகோர்ட் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது என்பது உண்மை. ஆனால் நம் பிள்ளைகள் தமிழில் எழுதியதால்தான் அந்த அநியாயம் நாடறிய வெளிப்பட்டது. எழுதாமல் ஒதுங்கியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

இன்னொன்றும் உண்டு. 2020இல் வந்த மாநிலச் சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கப்பட்டது. அந்த இடங்களுக்கு நம் பிள்ளை போட்டி போடுவது பயிற்சி மையத்தில் இரண்டு வருஷம் இருந்தவனோடு மட்டுமல்ல. தன்னைப் போன்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடுதான். இது போராட்டத்தில் கிடைத்த சிறு பிடிமானம். இதையும் கைவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

இனி முதல் கேள்வி. தாலியை அடகு வைக்கலாமா?

வேண்டாம் என்பதே நம் பதில். இரண்டு வருஷப் பயிற்சியை மூன்று மாதத்தில் எவனும் ஊட்டிவிட முடியாது. “சீட்டு நிச்சயம்” என்பவன் பொய் சொல்கிறான். நம் வீட்டுப் பிள்ளைக்கு இல்லாதது பயிற்சி மையம் மட்டும்தானா? இல்லை. அவளுக்கு இல்லாதது நேரம். காலையில் தண்ணீர்க் குடம், மாலையில் அடுப்பு, தம்பிக்குச் சோறு, ரேஷன் கடை வரிசை, அறுவடை வந்தால் அம்மாவோடு வயல். மில்லில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் முதலாளியிடம் சண்டை போடுகிறோம். நம் வீட்டிலேயே ஒரு பெண் பிள்ளையின் நாள் பூராவையும் நாம் பிடுங்கிக்கொள்கிறோம். இது நமக்கு உறைக்க வேண்டாமா? கடன் வாங்காமலே நாம் கொடுக்கக்கூடியது அந்த நேரம்தான்.

அந்த நேரத்தை எப்படிச் செலவிடுவது? அனுபவமுள்ள ஆசிரியத் தோழர்களிடம் கேட்டறிந்ததை இங்கே சொல்லுகிறோம்.

பரீட்சையின் உருவம் முதலில் தெரிய வேண்டும். 2025இல் 180 கேள்விகள், 180 நிமிஷங்கள், 720 மார்க். உயிரியலில் 90, இயற்பியலில் 45, வேதியியலில் 45. சரியான விடைக்கு 4 மார்க். தப்பான விடைக்கு ஒரு மார்க் பிடித்தம். மில்லில் அபராதம் போடுவதைப் போலத்தான் இதுவும்! ஆகவே, நான்கு விடைகளில் இரண்டு நிச்சயமாகத் தவறு என்று தெரிந்தால் மிச்சத்தில் ஒன்றைத் துணிந்து குறிக்கலாம். ஒன்றுமே தெரியாத கேள்வியில் நேரத்தைப் போக்காமல் அடுத்ததற்குப் போவதே புத்தி.

மார்க்கில் சரிபாதி உயிரியல். அதற்குப் பெரிய கணக்குத் திறமை வேண்டியதில்லை. பாடப் புத்தகத்தை வரி வரியாக, படம் படமாகப் படிக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து படிக்கும் நம் பிள்ளைக்கு உறுதியான தரை இதுதான். இயற்பியலுக்கும் வேதியியல் கணக்குகளுக்கும் பென்சிலும் தாளும் வேண்டும். வெறுமே வாசித்தால் ஒட்டாது. தினம் பத்துக் கணக்காவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

நூறு நாட்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஜனவரி, பிப்ரவரி: பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் பள்ளித் தேர்வுக்கும் உதவும், இதற்கும் உதவும். எனவே இரண்டையும் வேறு வேறாகப் படிக்க வேண்டாம். ஒரு பாடம் முடிந்ததும் அதில் பழைய நீட் கேள்விகளைப் போட்டுப் பார்த்தால் போதும். மறந்துபோவது பதினோராம் வகுப்புப் பாடம். நீட்டில் அதிலிருந்தும் ஏராளமாகக் கேட்கிறார்கள். தினம் ஒன்றரை மணி நேரம் அதற்கென்று ஒதுக்க வேண்டும்.

மார்ச்: பள்ளிப் பொதுத் தேர்வு மட்டும். இதில் கவனம் சிதறக் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்லுகிறோம்.

பொதுத் தேர்வு முடிந்தது முதல் நீட் நாள் வரை: 2025இல் பொதுத் தேர்வு மார்ச் 25இல் முடிந்தது, நீட் மே 4இல் நடந்தது. நடுவே 40 நாட்கள். முதல் 25 நாட்களில் எல்லாப் பாடங்களையும் ஒரு சுற்றுத் திரும்பப் பார்க்க வேண்டும். கடைசி 15 நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழு வினாத்தாளை எழுத வேண்டும். அதுவும் நிஜப் பரீட்சையைப் போலவே பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை. சித்திரை வெயிலில், சாப்பிட்ட மயக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பழகுவதும் ஒரு பயிற்சிதான். மறுநாள் தப்பான கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, ஏன் தப்பியது என்று பார்க்க வேண்டும்: பாடம் தெரியவில்லையா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, அவசரமா? பயிற்சி மையத்தில் பணம் வாங்கிக்கொண்டு செய்வதில் பெரும்பங்கு இதுதான். அந்த நோட்டின் விலை நாற்பது ரூபாய்.

தமிழில் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தமிழ்க் கேள்வியோடு ஆங்கிலக் கேள்வியும் தாளில் இருக்கும். இரண்டுக்கும் பேதம் வந்தால் ஆங்கிலமே செல்லும் என்பது விதி. ஆகவே ‘திசைவேகம்’ என்று படிக்கும்போதே பக்கத்தில் ‘வெலாசிட்டி’ என்பதையும் ஆங்கிலத்தில் எழுதிப் பழக வேண்டும். விண்ணப்பத்தில் மொழியைக் கவனித்துக் குறிக்க வேண்டும்.

விண்ணப்பத்தைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. 2025இல் அதற்கான காலம் பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை. கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாய், பிற்பட்டோருக்கு 1,600, தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 1,000. சரியாக அறுவடை நேரத்தில், பொதுத் தேர்வு தொடங்கும் நேரத்தில் இது வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் தேதியைப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கம்ப்யூட்டர் கடையில் விண்ணப்பம் போட்டால் கடைக்காரரின் போன் நம்பரைக் கொடுக்காதீர்கள், வீட்டு நம்பரையே கொடுங்கள். ஹால் டிக்கெட்டும் முடிவும் கவுன்சலிங் தகவலும் அதில்தான் வரும்.

சங்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. நம் ஆபீஸ் இரவு எட்டு மணிக்கு மேல் பூட்டித்தானே கிடக்கிறது? விளக்கும் பெஞ்சும் மின்விசிறியும் அங்கே இருக்கின்றன. ஒற்றை அறை வீட்டில் டி.வி. சத்தத்துக்கு நடுவே படிக்கும் பிள்ளைகளுக்கு அதைத் திறந்துவிடுங்கள். பெண் பிள்ளைகளோடு மாதர் சங்கத் தோழர் ஒருவர் இருக்கட்டும். போகும்போது வீடு வரை கூட்டிச் சென்று விடட்டும். ஞாயிறுதோறும் இயற்பியல் சொல்லித்தர ஓர் ஆசிரியத் தோழரைப் பிடியுங்கள். பழைய வினாத்தாள்களைப் படியெடுத்து வையுங்கள். கிராமத்தில் நூலகமோ பள்ளிக்கூடத் திண்ணையோ இருந்தால் அங்கே இதைச் செய்யுங்கள். நாலு பிள்ளைகள் சேர்ந்து படித்தால் ஒருவர் சந்தேகத்தை மற்றவர் தீர்ப்பார்.

தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் கடைசியாக ஒன்று. இந்தப் பரீட்சையை நம்பி மனமுடைந்து உயிரை விட்ட பிள்ளைகள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அதை நாம் மறக்கக் கூடாது. “உனக்காக இவ்வளவு செய்தோமே” என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். பிள்ளையை ராத்திரி ஏழு மணி நேரமாவது தூங்க விடுங்கள். முகம் வாடியிருந்தால், பேச்சுக் குறைந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அரசின் 104 என்ற போன் நம்பரிலும் மனநல ஆலோசனை சொல்லுகிறார்கள்.

சீட்டு கிடைக்காவிட்டால்? அதற்காகத்தான் மார்ச் மாதத்தைப் பொதுத் தேர்வுக்கு விடச் சொன்னோம். தமிழ்நாட்டில் நர்சிங், கால்நடை மருத்துவம், விவசாயப் பட்டப்படிப்பு ஆகியவற்றுக்குப் பிளஸ் டூ மார்க்கைக் கொண்டே இடம் கொடுத்து வந்திருக்கிறார்கள். நீட்டையே நினைத்துப் பொதுத் தேர்வைக் கோட்டைவிட்டவனுக்கு அந்தக் கதவுகளும் அடைபடும். முதலிலேயே பிள்ளையோடு உட்கார்ந்து இதைப் பேசுங்கள். ஒரு வழி அடைந்தால் வேறு வழி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் பயமில்லாமல் பரீட்சை எழுதும்.

நம் கிராமத்து ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் இருக்கும் டாக்டர் நமக்குத் தேவை. பஞ்சுத் தூசியால் வரும் இருமலையும், வயலில் மருந்தடித்து வரும் மயக்கத்தையும் தன் வீட்டிலேயே கண்டு வளர்ந்தவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நம்மை விசாரிக்கும் விதமே வேறாக இருக்கும். நம் பிள்ளை டாக்டராவது அவள் ஒருத்தியின் முன்னேற்றம் மட்டுமல்ல.

அந்த மில் தோழர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, “அப்போ இனிமேல் தண்ணீர்க் குடத்தை நான்தான் தூக்க வேண்டும்” என்றார். கோபப்பட்ட தோழர் ஆபீசின் இன்னொரு சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

ஒவ்வொரு சங்கத்திலும் இப்படி ஒரு சாவி கைமாறட்டும். பரீட்சையை ஒழிக்கும் ஊர்வலத்தில் முன்வரிசையில் நிற்போம். ஒழியும் நாள் வரை நம் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம்.