காற்றின் வழியில் ஓசை

யன்னல் என்னும் சொல் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்றது. தமிழில் அதற்கு முன் வழங்கிய பெயர்களுள் காலதர் என்பதும் ஒன்று. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றுக்கென வைத்த வழியில் ஓசை மட்டும் வரலாகாது என்று இன்று நாம் விரும்புகிறோம். யாழ்ப்பாணத்து வெயிலில் இது எளிய காரியமன்று.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் கோயில் ஒலிபெருக்கி. மறுபுறம் வீதியிற் பேருந்துகளின் இரைச்சல். தாயார் யன்னலைச் சாத்துகிறார். அரைமணி நேரத்தில் வியர்த்துக் களைத்த பிள்ளை அதைத் திறந்துவிடுகிறது.

பலர் தடித்த திரைச்சீலை வாங்கித் தொங்கவிடுகின்றனர். அது அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்குமேயன்றி வெளியோசையைத் தடுக்க வல்லதன்று. வேலியோரத்துச் செடிகொடிகளும் அவ்வாறே. கண்ணுக்கு மறைப்பு, காதுக்கு அன்று.

ஓசையைத் தடுப்பன பாரமும் இறுக்கமுமே. தடுப்பின் பாரம் இரட்டித்தால் அதனூடு வரும் ஓசை ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைந்தால் ஓசை பாதியாயிற்றென்று செவிக்குத் தோன்றும். ஆனால் இடுக்கு இருந்தால் பாரத்தால் அதிக பயனில்லை. யன்னற் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, எஞ்சிய பகுதி எத்துணைத் தடிப்பாயினும், 20 டெசிபெலுக்கு மேல் தடுத்தல் அரிது. 4 அடி உயரமும் 3 அடி அகலமும் உள்ள யன்னலைச் சுற்றிப் பத்தில் ஓர் அங்குல இடுக்கு இருந்தால் அதுவே ஏறக்குறைய அந்த ஒரு பங்காகும். பழைய மரக்கதவுகள் பலவற்றில் இதனிலும் கூடிய இடுக்கு உண்டு.

ஆதலால் கண்ணாடி மாற்றுமுன் இறப்பர்ப் பட்டியை ஒட்டுக. நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பையும் அடைத்துவிடுக. யன்னலுக்கு மேலே விட்ட காற்றுத்துளைகளையும் மறக்கலாகாது. உட்கூரை இல்லாத ஓட்டு வீடாயின் ஓடுகளின் இடைவெளியே ஓசைக்குப் பெருவழி. அங்கே யன்னலுக்குச் செய்யும் செலவு பெரும்பாலும் வீண்.

இதற்கு மேலும் வேண்டுவோர் இருக்கும் கண்ணாடிக்கு 4 அங்குலம் உள்ளே, வேறு தடிப்புள்ள இரண்டாவது கண்ணாடியை இறுக்கமாக அமைக்கலாம். நாதசுரத்தின் ஒலி இதனால் வெகுவாக அடங்கும். தவிலின் தொப்பிப் பக்கத்து முழக்கமோ அத்துணை எளிதில் அடங்காது. தாழ்ந்த ஒலியைத் தடுத்தல் எப்போதும் கடினம்.

காற்றுக்கு என்ன செய்வது? நம் முன்னோரின் நாற்சார் வீடு இங்கே நினைவுக்கு வருகிறது. அதன் அறைகள் உள்முற்றத்தை நோக்கித் திறந்தன. காற்றும் வெளிச்சமும் முற்றத்தினூடே வந்தன. வீதி இரைச்சலைச் சுவரும் கூரையும் மறித்தன. நாற்சார் வீடு இனி எல்லார்க்கும் கட்டலாகாது. எனினும் வீதிப்பக்கத்து யன்னலை மட்டும் இறுக்கிச் சாத்தி, வளவின் பின்பக்கத்து யன்னலைத் திறந்து வைத்து, பிள்ளையின் மேசையை அவ்வறைக்கு மாற்றுதல் செலவில்லாத வேலை. வரவேற்பறையைக் காட்டிலும் படிப்பறைக்கு நல்லிடம் கொடுக்க நம்மவருக்கு ஏனோ மனம் வருவதில்லை!

இரவு ஒலிபெருக்கிக்கு வேறொரு வழியும் உண்டு. வெலிகாமத்துப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில், 2007ஆம் ஆண்டு நவம்பரில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கி அனுமதிக்கு வரம்பிட்டது. இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரையுள்ள நேரத்துக்கு அனுமதி வழங்கலாகாது. விசேட சமய விழா முதலியவற்றுக்கு வழங்குவதாயின் அயலில் வசிப்போரின் கருத்தை முன்னரே கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும் என்றது அக்கட்டளை. எந்தச் சமயத்தவர்க்கும் இது பொதுவானது.

கோயிலுக்கு எதிராகப் பேசினார் என்ற பெயர் வருமே என்றஞ்சி நம்மிற் பலர் வாய்திறப்பதில்லை. கருத்துக் கேட்டு வருவோரிடம், விழா நடக்கட்டும், 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கி மட்டும் ஓயட்டும், வீட்டிற் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உண்டு என்று சொல்லலாம். அதைப் பதிந்துகொள்ளும்படியும் கேட்கலாம்.