சுவான்சௌவில் இரு நாட்கள்

கடல் கடந்த தமிழனின் பெருமையைப் பேசாத மேடை நம்மிடையே இல்லை. வகுப்பறையில் நாமும் அதைப் பலமுறை பேசியிருக்கிறோம். சென்ற ஆண்டு சீனாவின் சியாமென் நகரில் ஒரு கருத்தரங்கு முடிந்ததும் அண்மையிலுள்ள சுவான்சௌவுக்குச் சென்றது, அப்பெருமையைக் கண்ணாரக் காணும் ஆசையால்தான். கருத்தரங்கில் அறிமுகமான அவ்வூர்ப் பேராசிரியை ஒருவர் தம் சனி, ஞாயிறு இரண்டையும் நமக்கென ஒதுக்கினார்.

குப்ளாய்கான் ஆண்ட 1281ஆம் ஆண்டில் இந்நகரில் சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தியைத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. செய்தவர் பெயர் சம்பந்தப் பெருமாள். அக்கோயில் இன்றில்லை, கற்கள் மட்டும் நகரெங்கும் சிதறிக் கிடைத்தன.

முதல் நாள் கையுவான் பௌத்தக் கோயிலுக்குச் சென்றோம். 686இல் தோன்றிய தலம் அது. பெரிய மண்டபத்தின் பின்புறத் தூண்கள் இரண்டில் நரசிம்மரும் கண்ணனும் இருக்கிறார்கள். மெய்சிலிர்த்துப் படமெடுத்துக்கொண்டே இருந்தோம். பொறுமையாகக் காத்திருந்த பேராசிரியை, "எங்கள் கோபுரங்களைப் பார்க்கவில்லையே?" என்று மெல்லக் கேட்டார். நாற்பது மீட்டரைத் தாண்டிய, பதின்மூன்றாம் நூற்றாண்டின் இரு கற்கோபுரங்கள்! ஏறிட்டும் பாராமல் அவற்றைக் கடந்து வந்திருந்தோம்.

கடல்சார் அருங்காட்சியகத்தில் சிவலிங்கத்தை வழிபடும் யானையைக் கண்டோம். திருவானைக்கா நினைவுக்கு வந்தது. இத்தகைய கற்கள் பிழைத்த கதையைப் பேராசிரியை கூறினார். பழைய நகரமதில் இடிக்கப்பட்டபோது, அதில் புதைந்திருந்த கற்கள் வெளிப்பட்டன. அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தவர் வூ வென்லியாங் என்னும் பள்ளி ஆசிரியர், உயிரியல் படித்தவர். இந்துவா, இஸ்லாமா, கிறித்தவமா என்று அவர் பார்க்கவில்லை. 1957இல் அவற்றைப் பற்றி நூலும் வெளியிட்டார். 'நம் கல்வெட்டு' என்று நாம் மார்தட்டுவதற்குப் பின்னால், தமிழரல்லாத ஓர் ஆசிரியரின் உழைப்பு இருக்கிறது.

மறுநாள் செதியான் சிற்றூருக்குச் சென்றோம். சிறு கோயிலொன்றில் நான்கு கரங்களோடு ஒரு தேவி வீற்றிருக்கிறாள். ஊரார் அவளைக் குவான்யின் என்று ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள். "இவள் எங்கள்..." என்று தொடங்கிய நாம் வாக்கியத்தை முடிக்கவில்லை. இத்தனை காலம் பூசை செய்தவர்கள் எதிரில் நிற்கும்போது, 'எங்கள்' என்ற சொல் கூசியது.

மாலையில் தம் வீட்டில் தேநீர் ஊற்றினார். அவ்வூர்ப் பேச்சில் அதற்குத் 'தே' என்று பெயர். நம் தேயிலையின் முதலெழுத்து இக்கரையிலிருந்து கப்பலேறி வந்ததே. அப்போது அவர் கேட்டார்: "எங்கள் மக்கள் உங்கள் நாட்டில் விட்டுவந்தது ஏதேனும் உண்டா?"

இருந்தது. இதே சுவான்சௌவிலிருந்து கடலோடிய வாங் தாயுவான், 1267ஆம் ஆண்டைச் சுட்டும் சீன எழுத்துக்கள் கொண்ட செங்கற்கோபுரம் ஒன்றைத் தம் நூலில் குறிப்பிடுகிறார். அது நாகப்பட்டினத்தில் நின்ற கோபுரமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஐரோப்பியர் அதைச் சீனக் கோபுரம் என்றே அழைத்தனர். 1867இல், சென்னை அரசின் அனுமதியோடு அது இடிக்கப்பட்டது. தயங்கித் தயங்கி இதைச் சொன்னோம். அவர் ஒன்றும் கூறாமல் கோப்பையை மீண்டும் நிரப்பினார்.

அன்று ஆண்டவர் அயலார், இடித்தவர் நாமல்லர் என்று சமாதானம் சொல்லலாம். சுவான்சௌவிலும் கோயில் அழியத்தான் செய்தது. ஆனால், அங்கே குனிந்து கல்லைப் பொறுக்க ஒருவர் இருந்தார். நம்மில் எத்தனை பேருக்கு நாகைக் கோபுரத்தின் பெயராவது தெரியும்? இருபதாண்டுகளாகத் தமிழ் பயிற்றும் நாம், சுவான்சௌக் கல்வெட்டைச் சொல்லாத ஆண்டில்லை. நாகைக் கோபுரத்தைச் சொன்ன நாளுமில்லை.

அயலார் மண்ணில் நம் சுவடுகளைத் தேடுவது தவறன்று. நம் மண்ணில் அயலார் சுவடுகளைப் பேணாதவர்க்கு அத்தேடல் வெறும் தற்பெருமையாகவே முடியும். இவ்வாண்டு முதல் 1281ஐக் கற்பிக்கும் அதே வகுப்பில் 1867ஐயும் கற்பிப்பதென்று உறுதி கொண்டிருக்கிறோம். பிற ஆசிரியர்களும் எண்ணிப் பார்ப்பார்களாக.